இடப்பக்கக் கதவு

வாசகரே, உங்களை நடுவர் நாற்காலியில் உட்கார வைக்க நான் விரும்பவில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சாட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி மனத்தில் வைத்திருந்தால் போதும். ஆகவே சாட்சியாக நில்லுங்கள். நான் எந்த அணியில் பேசுகிறேன் என்று மட்டும் தேடாதீர்கள். இந்த ஒரு பொருளில் எனக்கு அணி இல்லை.

உத்திரமேரூரில் பிறந்து, பள்ளி ஆண்டுவிழாவில் தொடங்கி, திருவிழாப் பட்டிமன்றங்கள்வரை பேசிப் பழகியவன் நான். குள்ளமானவன். ஒலிவாங்கியை எனக்காகத் தாழ்த்தும்வரை கூட்டம் சிரிக்கும். நான் வாயைத் திறந்ததும் சிரிப்பு அடங்கும். அந்த அடக்கத்துக்காகவே மேடை ஏறியவன் என்றுகூடச் சொல்லலாம். எந்தத் தலைப்பானாலும் இரு பக்கமும் பேசுவேன். வார நாள்களில் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று எனக்கே எனக்காக ஒன்று வேண்டும் என்று தோன்றியபோது, அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்று முடிவு செய்தேன். புதியது என் கைக்கு எட்டாது. பழையது எட்டும்.

கைப்பேசிச் செயலியில் அப்படி ஒன்றின் படத்தைப் பார்த்த மறுநாளே புறப்பட்டுவிட்டேன். தென்னேரி ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர். வண்டி மாட்டுக்கொட்டகையில், இரண்டு பசுக்களுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்த உடல். வெயிலில் வெளுத்த சிவப்பு. கிளப்பிக் காட்டச் சொன்னேன். சைலன்சரை மாற்றியிருந்தார்கள். அந்த உறுமல் நெல்வயல்களைத் தாண்டி ஏரித் தண்ணீரின்மேல் உருண்டுபோய் அக்கரையில் மோதித் திரும்பியது. அப்போதே அது என் வண்டியாகிவிட்டது.

விற்றவர் உயரமான விவசாயி. வண்டி அவருடைய மகனுடையது. மகன் சென்னையில் வேலை பார்த்தவர்; ஞாயிறுதோறும் மதியம் ஒரு மணிக்கு இந்த வண்டியில் வீட்டுக்குச் சாப்பிட வருவார், சாயங்காலம் திரும்பிவிடுவார். சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் உடலாகத்தான் ஊர் வந்தார். வண்டியைப் பத்து நாள் கழித்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து விட்டாராம். ஒவ்வொரு ஞாயிறும் மகனுக்கு இலை போட்டுவிட்டு, தம் மனைவி இந்த வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். வண்டி கண்ணில் படாவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தே விற்கிறார். அந்த அம்மா அன்று வெளியே வரவில்லை.

கையெழுத்துகள் முடிந்து சாவியை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். சாவி ஒரு பழைய மாட்டுக்கயிற்றுத் துண்டில் கட்டியிருந்தது. கைப்பட்டுக் கைப்பட்டுக் கறுத்து வழவழத்த கயிறு. மகன் தானே முடிந்ததாம்.

“கயிறு மட்டும் எங்க வூட்லயே கெடக்கட்டும் தம்பி. மாட்ட வித்தாக்கூட கயிற குடுக்க மாட்டோம். வாங்குறவங்க புதுக் கயிறு எடுத்துக்கினு வருவாங்க.”

கொட்டகை உத்தரத்தைக் காட்டினார். விற்றுப்போன மாடுகளின் கயிறுகள் வரிசையாகத் தொங்கின. பழைய கயிறு கூடவே போனால் மாடு புது வீட்டிலும் ஒட்டாது, பழைய வீட்டுக்கும் வந்து சேராது. நடுவழியிலேயே அலையும் என்று விளக்கினார்.

அந்தக் கயிறு எனக்கு எதற்கு? இன்றுவரை பதில் இல்லை. ஆனால் ஒருவர் ஒரு கருத்தை வைத்துவிட்டார். அதை மறுக்காமல் விடுவது என் பழக்கத்தில் இல்லை. மாட்டுக்கு உயிர் உண்டு, நினைவு உண்டு, வழி தெரியும். இயந்திரத்துக்கு இவற்றில் எது உண்டு என்று கேட்டேன். விற்ற பொருளில் ஒரு பகுதியை நிறுத்திக்கொள்வது எந்த நியாயம் என்று கேட்டேன். கேள்விமேல் கேள்வியாக, குரலை ஏற்றி இறக்கி, கொட்டகையையே மேடையாக்கிப் பேசினேன். பசுக்கள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன.

அவர் சாவியைக் கயிற்றோடு என் கையில் வைத்தார்.

“உன்கிட்ட பேசி செயிக்க முடியாது நைனா. எடுத்துக்கினு போ.”

வெற்றி பெற்றவனாக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் ஞாயிறு, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் இடப்பக்கக் கதவு தானாக ஒரு சாண் திறந்துகொண்டது. என் பக்கம் அன்று; எனக்கு அடுத்த இருக்கையின் பக்கம். வாலாஜாபாத் மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மனுசனுக்கே வயசானா பல்லு ஆடுது சார். வண்டிக்கு ஆடக் கூடாதா?” என்று தாழ்ப்பாளையே புதிதாக மாற்றிக் கொடுத்தார். ஓடும்போது கதவு இறுக மூடியிருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அசையவில்லை. நிறுத்தினால் மட்டும் திறந்தது, யாரோ இறங்குவதற்குக் காலை எடுத்து வெளியே வைப்பதுபோல.

இரண்டாம் ஞாயிறு மாகறல் போனேன். செய்யாற்றுப் பாலத்தருகே இளநீர்க்காரர் எனக்கு ஒன்றைச் சீவித் தந்துவிட்டு, கேட்காமலே இன்னொன்றைச் சீவ ஆரம்பித்தார். ஒன்று போதும் என்றேன். “கூட வந்தவருக்கு வாணாமா? கதவத் தொறந்துக்கினு அப்டியே குந்திக்கினு கீறாரே” என்றார். திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. உள்ளே இருப்பதும் இல்லாததும் அங்கிருந்து தெரியாது. திறந்த கதவைப் பார்த்து அவரே ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது இளநீரையும் வாங்கிக்கொண்டேன். அதை நான் குடிக்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அதற்கடுத்து இருக்கை. பேச்சுக் குறிப்புகள் வைத்த பையைச் சாய்த்து வைப்பதற்காக இடப்பக்க இருக்கையை முழுதும் முன்னே தள்ளியிருந்தேன். ஞாயிறு காலை பார்த்தால் அது கடைசிப் பல்வரை பின்னே போயிருந்தது. நீண்ட கால்கள் உள்ள ஒருவர் உட்காரும் தூரம். முன்னே தள்ளினேன். அடுத்த ஞாயிறும் பின்னே இருந்தது. பகலில், நல்ல வெயிலில், தெருவில் ஆட்கள் நடமாடும்போதுதான் இவையெல்லாம் நடந்தன. அதனால் பயம் என்று பெயர் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கோபம் என்று பெயர் வைத்தேன்.

குறைகளை மறைத்து விற்றுவிட்டார் என்பது என் வாதம். கதவு, இருக்கை, இடப்பக்கமே இழுக்கும் ஸ்டீயரிங் என்று மூன்று குற்றச்சாட்டுகளை வழியெல்லாம் உரக்கச் சொல்லிப் பழகியபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக் கரையில் ஏறினேன். ஏரி நிறைந்து அசையாமல் கிடந்தது. என் வண்டியின் சத்தம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்று என்பதை நான் திட்டமிடவில்லை.

பெரியவர் கொட்டகையிலிருந்து பதறி ஓடிவந்தார். “இன்னாத்துக்கு தம்பி இங்க எடுத்துக்கினு வந்த?” என்று வாய்க்குள்ளேயே கேட்டார். வண்டியை நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு திறந்தது.

வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை திறந்த கதவில் இருந்தது. பிறகு அது மெல்ல உயர்ந்தது, குனிந்து இறங்கிய ஓர் உயரமான ஆள் நிமிர்வதைப் பார்ப்பதுபோல. வண்டியிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து படிக்கு, ஒரு நடையின் வேகத்தில் நகர்ந்தது. படி அருகே வந்ததும், உள்ளே போகிறவருக்கு வழிவிடுவதுபோல, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு அவர் சுவரோரம் விலகி நின்றார்.

சாட்சிகளே, முற்றத்தில் ஒருவரும் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா விலகி நின்ற இடைவெளியின் வழியாக நடந்துபோக எனக்குத் துணிவு வரவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். முகம் தெளிவாக இருந்தது.

“அன்னிக்கு நீ பேசுனதெல்லாம் உள்ள கேட்டுக்கினுதான் இருந்தேன். நல்லாதான் பேசுன. எம் புள்ள இந்த வண்டில ஏறுனத பாத்தேன் நைனா. எறங்குனத பாக்கல. கயிறு உன்கிட்ட, வூடு இங்க. அவன் எங்கன்னு எறங்குவான்? இன்னிக்குதான் எறங்குனான். கயிற குடு.”

மூன்று குற்றச்சாட்டுகளையும் விட்டுவிட்டுச் சாவியை எடுத்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பெரியவர்தான் வாங்கிப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அந்த அம்மா கயிற்றைக் கொண்டுபோய்க் கொட்டகை உத்தரத்தில், மற்ற கயிறுகளோடு தொங்கவிட்டார். வண்டிச் சத்தம் கரையில் கேட்டதுமே மகனின் இலைக்குப் பக்கத்தில் இரண்டாவது இலை போட்டுவிட்டாராம். என்னைச் சாப்பிட உட்கார வைத்தார். பக்கத்து இலையிலும் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம். நான் அந்த இலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் ஒரு வேளைச் சோற்றைத் தின்று முடிக்க எவ்வளவு முயற்சி வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். இடையில் பெரியவர் குழம்புப் பாத்திரத்தோடு அந்த இலையின் முன் குனிந்தார். மறுமுறை பரிமாறுகிறவர்கள் குனியும் குனிவு அது. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

கிளம்பும்போது அந்த அம்மா படியிறங்கவில்லை.

“இனிமே இந்தப் பக்கம் வண்டிய எடுத்துக்கினு வராத நைனா. அவனுக்கு இதுன்னா உசுரு. சத்தம் கேட்டா மறுபடியும் ஓடியாந்து ஏறிக்குவான்.”

தலையை மட்டும் ஆட்டினேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

கரை முடியும் இடத்தில், மதகருகே வண்டியை நிறுத்திச் சாவியைத் திருகினேன். காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. கிளம்பும்போது முன்னே தள்ளி வைத்த இருக்கை முன்னேயே இருந்தது. வண்டி லேசாக, வெறுமையாக, வெறும் இரும்பாக இருந்தது. இத்தனை ஞாயிறுகளில் ஒருநாளும் நான் தனியாக ஓட்டவில்லை என்பது அந்த லேசில்தான் விளங்கியது. ஏரிக்கு அப்பால் அந்த வீட்டின் கூரை தெரிந்தது. அங்கே ஒரு தாய் காதைத் தீட்டிக்கொண்டு, இந்தச் சத்தம் திரும்பிவிடக் கூடாதே என்று நின்றிருப்பார். தலையாட்டல் போதாது என்று தோன்றியது. கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் முதன்முறையாக வாயைத் திறந்தேன். மேடைத் தமிழ் வரவில்லை. வீட்டில் பேசும் பேச்சுத்தான் வந்தது.

“இந்தக் கரைமேல இந்த வண்டி இனிமே வராதும்மா. எறங்குனவர நான் மறுபடி ஏத்திக்கினு போமாட்டேன்.”