பன்னிரண்டு வீடுகளும் ஒரு மாமனும்: பல்லடம் பக்கம் களப்பணிக்குப் போன கதை

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். அக்கா மகள் நிவேதா பயன்பாட்டுச் சமூக அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்த அன்றே, "இந்தப் படிப்புக்கு ஒருநாள் என்னோட வண்டி தேவைப்படும் பாருங்க" என்று கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கச் சொன்னவன் நான். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு, கலெக்டருக்கு ஒரு படி கீழே என்று விளக்கமும் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் விடைபெற்றுக்கொண்டாலும் விஷயம் தெரிந்தவன்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை அந்த நாள் வந்தது. கோயமுத்தூர் கல்லூரியில் அவளுக்கு இது இரண்டாம் ஆண்டு. விசைத்தறிக் குடும்பங்கள் பன்னிரண்டைச் சந்தித்து, படிவம் நிரப்பி, திங்கட்கிழமை காலையில் கொடுக்க வேண்டும். காய்ச்சலில் இரண்டு வாரம் போய்விட்டது. கொடுக்காவிட்டால் களப்பணிக்கு மார்க் இல்லை, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். "பஸ்ஸுல போனா மூணு மாத்தணுங்க மாமா" என்றாள். நான் அதற்குள் சாவியை எடுத்துவிட்டேன்.

காலை 6.40க்குக் கிளம்பி, வடசித்தூர், சுல்தான்பேட்டை வழியாகப் பல்லடம் சாலையைப் பிடித்தோம். என் ஸ்கூட்டர் மீட்டர்படி போக 41 கிலோமீட்டர். இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் போக வரத் தாங்கும். வடசித்தூர் தாண்டியதும் தென்னை குறைந்து காற்றாலைகள் வந்துவிடும். ஆடிக் காற்று வண்டியை ஓரமாகத் தள்ளும், ஜாக்கிரதை. அன்றைக்கு ஒரு கோழி லாரியே காற்றில் சாய்ந்து நின்றது. (பஞ்சராகவும் இருக்கலாம். நான் பார்க்கும்போது சாய்ந்துதான் இருந்தது.) சுல்தான்பேட்டை பேக்கரியில் இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன், எழுபது ரூபாய். 8.15க்கு ஊர் போய்ச் சேர்ந்தோம்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வெளியே போகக் கூடாது என்பது இந்தப் படிப்பில் முதல் பாடமாம். பல்லடத்துக்கு இந்தப் பக்கம், தறிச் சத்தம் கேட்காத சந்தே இல்லாத ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிவேதா முதல் வீட்டில், "ஏனுங்க அக்கா, நான் காலேஜ்ல படிக்கறேனுங்க. கொஞ்சம் கேள்வி இருக்குது, விருப்பம் இருந்தாத்தான் சொல்லோணும்" என்று ஆரம்பித்தாள். விருப்பம் இருந்தால் என்று சொன்னால் யாருக்குத்தான் விருப்பம் வரும்? "தறி ஓடுதுங்க அம்மணி, அப்பறம் வாங்க" என்று கதவு பாதி சாத்திக்கொண்டது. இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மணி ஒன்பதைத் தாண்டியது. பிள்ளையின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் மூன்றாவது வீட்டில் நிற்கும்போது நான் முன்னால் நடந்து, வீடு வீடாக ஒரு வார்த்தை போட்டுவைத்தேன்: "மேலிடத்துல இருந்து வந்திருக்காங்க. உதவித்தொகைக்குப் பேரு எழுதறாங்க."

பிறகு பார்க்க வேண்டுமே! நாற்காலி வந்தது, மோர் வந்தது. 11.30க்குள் ஏழு வீடு முடிந்தது. "இந்த ஊருக்காரங்க தங்கமானவங்க மாமா" என்றாள் நிவேதா. நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

எட்டாவது வீட்டில்தான் வந்தது வினை. அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், முந்தானையெல்லாம் பஞ்சுத் தூசி. தறி எத்தனை என்று கேட்டால், "தறியா? எங்கூட்டுல ஏதுங்க தறி" என்கிறார். சுவருக்குப் பின்னால் தடக் தடக்கென்று தரையே அதிர்கிறது.

"அந்தச் சத்தம் என்னங்கக்கா?"

"அது பக்கத்தூட்டுதுங்க அம்மணி."

பக்கத்தில் வீடே இல்லை. ஒரு வேப்பமரம் நிற்கிறது. நிவேதா பேனாவை மூடினாள். அந்த அக்கா குரலைத் தாழ்த்தி, "பணம் அடுத்த மாசமே வந்துருமுங்களா?" என்றார்.

நிவேதா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது.

தெருமுனைப் பேக்கரியில் உட்கார்ந்து எட்டுப் படிவங்களையும் விரித்தாள். எட்டு வீட்டிலும் தறி இல்லை, டிவி இல்லை, வேலை இல்லை.

"கண்ணு, இதையே குடுத்துப்போட்டா மார்க் வந்துருமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமில்லீங்க மாமா. அதைய விடுங்க. அந்தக்கா வராத பணத்துக்குக் காத்துட்டு இருப்பாங்களே, அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு, ஒவ்வொரு படிவத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். எட்டுக் கோடு. மணி 12.10.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். எட்டு வீட்டு வாசலிலும் நான் போய் நின்றேன். "தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. பணமெல்லாம் கிடையாது. இது புள்ளையோட படிப்புக்குத்தானுங்க" என்று கைகூப்பினேன். இரண்டு வீடு முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தியது. ஒரு பெரியவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எட்டாவது வீட்டு அக்காவோ இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "உங்க வாயில தறி பூட்டுனா ஊருக்கே துணி நெய்யலாமுங்க!" பிறகு நிவேதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சரி அம்மணி, நெசத்தையே எழுதிக்கோ. தறி நாலு. இருக்கறது அவரு பேருல. ஓட்டறது நானு. அதுக்கு உங்க காயிதத்துல எடமிருக்குதா?"

இடம் இருந்தது. தறி யார் பேரில், ஓட்டுவது யார் என்று தனித்தனிக் கட்டமே இருந்ததாம். காலையில் இரண்டும் காலியாகக் கிடந்தவை.

ஆறு வீடு மறுபடி பேசியது. மீதி ஆறு பக்கத்துத் தெருவில் கிடைத்தது. 5.50க்குப் பன்னிரண்டாவது படிவம் முடிந்தது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள். கோடு போட்டு அடித்த எட்டையும் ஏன் அடித்தாள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

களப்பணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் மாமன்மார்களுக்குச் சில வார்த்தைகள். தறி ஊருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள், அப்போதுதான் பேச ஆள் கிடைக்கும். எழுதும் அட்டையில் இரண்டு கிளிப் வேண்டும், ஆடிக் காற்று ஒன்றுக்கு அடங்காது. அன்றையச் செலவு பெட்ரோல் இருநூறு, இரண்டு பன், டீ மொத்தம் ஐந்து. பிள்ளை கேள்வி கேட்கும்போது உங்கள் வாய் மூடியிருக்கட்டும். அது என்ன படிப்பு என்று இப்போது யாராவது கேட்டால், கலெக்டரை நான் இழுப்பதில்லை. ஒருவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதும் படிப்பு என்கிறேன். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள்.

இதைப் பதிவேற்றும் முன் நிவேதாவிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள். என் போன் திரையில், நான் கைகூப்பும் பத்தியின் மேல், மூலைக்கு மூலை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். அன்று மதியம் அந்தத் தெருவுக்குள் நான் போகவே இல்லை. எனக்குக் கால் வரவில்லை. தறி பூட்டும் பேச்சுகூட, திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து அவள் சொல்லித்தான் தெரியும். நான் சொன்ன பொய்க்கு எட்டு வாசலில் கைகூப்பி நின்றது அவள். நான் பேக்கரியில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன்.