இரண்டு விரற்கடை நீளம்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வாசனை இருந்தது. கைத்தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயும், கஞ்சி கலையாத புதுத்துணியும், காயாத குழந்தைத் துணிகளுக்கு அடியில் புகையும் சாம்பிராணியும் ஒன்றாகக் கலந்து, ஐப்பசி தொடங்கினால் தை பிறக்கும்வரை சுவர்களை விட்டுப் போகாமல் கிடக்கும். இன்றும் ஈரத்துணி வாடை மூக்கில் ஏறினால் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்களின் கொடி பறந்த கடைசி வருடங்கள் அவை. வாப்பா சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாக இருந்தார். மூன்று வருடத்துக்கொரு முறை வருவார், ஆறு மாதம் இருப்பார், போய்விடுவார். அவர் முகத்தைவிட அவர் கடிதத்தில் ஒட்டியிருக்கும் தபால்தலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் அனுப்பிவைத்த சாமான்களில் பெரியது அந்தத் தையல் மிஷின். கடைத்தெருத் தையற்காரரிடம் போய் நின்று அளவு கொடுக்க முடியாத எங்கள் தெருப் பெண்களெல்லாம் கொல்லைப்பக்கத்துச் சந்து வழியாக வந்து, "குப்பாயம்" என்று நாங்கள் சொல்லும் நீளச் சட்டையையும் பாவாடையையும் உம்மாவிடம் தைத்துக்கொண்டு போவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை உம்மா எறியமாட்டாள். ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு, நடுவில் பழைய சேலையை வைத்துத் தைத்து, மழைக்காலத்துக்குக் கனமான போர்வையாக்கிவிடுவாள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்: உம்மா, நான், பிறந்து பத்து மாதமான தம்பி, பிறகு வாப்பாவின் அக்கா. அவரை நான் மாமி என்பேன். மாமிக்கு மூட்டுவலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். உம்மா, தம்பி தூங்கும் ஏணைக் கயிற்றின் நுனியைக் காலின் பெருவிரலில் கட்டிக்கொண்டு, வலக்கையால் மிஷினைச் சுற்றி, இடக்கையால் துணியைத் தள்ளிக்கொண்டே, "உலை கொதிச்சிருச்சா பாரு புள்ள," என்று எனக்குக் குரல் கொடுப்பாள். அவளுடைய கையும் காலும் குரலும் ஒவ்வொன்றும் ஒருவருக்கென்று போய்விட்டதால், எனக்கென்று அவளிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. முற்றத்தில் விழும் மழையை நான் தனியாகவே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில். அவர்களை ஊரில் எல்லாரும் "மாசேர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தேவதூதர் அங்கிகள் தைக்க உம்மாவைத் தேடி ஒரு மாசேர் எங்கள் வீட்டுக்கே வந்தார். பாண்டிச்சேரிப் பக்கத்துத் தமிழ்க்காரர். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். ஐந்து பிள்ளைகளின் அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, வெள்ளை சாட்டின் துணிக்கட்டையும் உம்மாவின் மடியில் வைத்துவிட்டு, "தேவதூதருக்குப் பாதம் தெரியக்கூடாதும்மா. தரையத் தொட்டும் தொடாம இருக்கணும்," என்றார்.

பெரிய தேவதூதராக வேடம் போட்டவள் தெரேஸ். கோர்ட்டில் எழுத்தர் வேலை பார்த்தவரின் மகள், என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். என்னைப் பார்த்து, "நீயும் வேஷம் கட்டுறியா?" என்று மாசேர் கேட்டபோது, உள்ளறையிலிருந்து மாமியின் குரல் முந்திக்கொண்டு வந்தது: "நம்ம வூட்டுப் புள்ளைங்க போய்ப் பாக்கலாம், மேடையேறக் கூடாது." உம்மா அளவுத் தாளை மடித்து மாடத்தில் வைத்தாள். மாசேர் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் தெரேசின் அங்கியை முதலில் போட்டுக்கொண்டது நான்தான். தெரேசும் நானும் ஒரே உயரம், ஒரே மெலிவு. "தாள்ல எழுதுன அளவு தப்பும், ஒடம்பு தப்பாது," என்பது உம்மாவின் பேச்சு. வாப்பாவின் பழைய மரப்பெட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போட்டு அதன்மேல் என்னை ஏற்றிவைத்து, தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்ட அங்கியைத் தலைவழியாக மாட்டிவிடுவாள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியிருப்பதால் பேசமாட்டாள். தோளைத் தொட்டால் திரும்ப வேண்டும், முழங்கையைத் தட்டினால் கையைத் தூக்க வேண்டும். என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அவள் விரல்கள் துணியை நீவும்போது, எனக்கு மூச்சுவிடக்கூடப் பயமாக இருக்கும், அசைந்தால் அந்த நேரம் முடிந்துவிடுமோ என்று. பிறகு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை என்னைப் பார்ப்பாள். அவள் பார்த்தது துணியைத்தான் என்பது இப்போது தெரிகிறது. அப்போது என்னைப் பார்க்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விட்டு வந்த நான்கு பிற்பகல்கள் இப்படிப் போயின. ஐந்தாவது நாள் உம்மா, "இன்னைக்கு அடி ஓரத்தக் குறிச்சிட்டா ஒனக்கு வேலையில்ல," என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பெட்டிமேல் ஏறினேன். வெட்டாத அங்கி என் பாதங்களை மூடிக்கொண்டு பெட்டியின் நாலு பக்கமும் வழிந்து கிடந்தது. உம்மா சாக்பீஸோடு கீழே மண்டியிட்டு உட்கார்ந்தாள், பெட்டியின் பலகை மட்டத்துக்குச் சுற்றிலும் குறி போட. அவள் குனிந்ததும் நான் அங்கிக்குள் மெல்லக் குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நின்றேன். குறி தப்பாகிவிடும், நாளைக்கோ மறுநாளோ மறுபடி மாட்டிப் பார்க்கும்போது அங்கி நீளமாக இருக்கும், "அடடா" என்று உம்மா மறுபடி என்னைப் பெட்டிமேல் ஏற்றிக் குறி போடுவாள். இன்னொரு பிற்பகல் கிடைக்கும். இவ்வளவுதான் என் கணக்கு. கெண்டைக்கால் நடுங்கியது. "ஆடாம நில்லு," என்று குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து உம்மா முனகினாள். நான் ஆடாமல் நின்றேன்.

மறுபடி மாட்டிப் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலமே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, பால் குடிக்காமல், பூனைக்குட்டி போல முனகிக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரி டாக்டர் வந்து போனார், மாமி ஓதி ஊதினார். உம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டே ஐந்து அங்கிகளுக்கும் அடியோரம் மடித்துக் கையால் தைத்தாள். "தெரேஸ் அங்கிய நான் போட்டுக் காட்டவா உம்மா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, "புள்ள கெடக்குற கெடையில ஒனக்கு வெளையாட்டா?" என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. தம்பி இருமினான், அவள் திரும்பிக்கொண்டாள். மறுநாள் பள்ளி ஆயா வந்து அங்கிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாடகத்துக்கு நான் தனியாகப் போனேன். பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் பெஞ்சுகளை அடுக்கி மேடை. மேடைக்கும் மேலே, வானம் என்று நீலத்துணி கட்டின இன்னொரு தட்டு. அதிலிருந்து இறங்கிவர ஐந்து மரப்படிகள். வெள்ளை அங்கியில் தெரேஸ் மேலே வந்து நின்றபோது கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அங்கியின் ஓரம் அவள் பாதத்துக்கு முன்னால் மடிந்து கிடந்ததை நான் மட்டும் பார்த்தேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அங்கியைத் தூக்கிப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. முதல் படி இறங்கினாள். இரண்டாவது படியும் இறங்கினாள். மூன்றாவதில் காலுக்கடியில் துணி சிக்கி முகங்குப்புற விழுந்தாள். மோவாய் படி விளிம்பில் மோதிய சத்தம் நான் இருந்த இடம்வரை கேட்டது. மாசேர் ஓடிவந்து தூக்கியபோது வெள்ளை சாட்டினின் முன்பக்கமெல்லாம் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, "நாடகம் எப்படி?" என்று கேட்ட உம்மாவிடம், "நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

மறுநாள் மாசேர் வந்தார், கையில் சுருட்டிய அங்கியோடு. அவர் சத்தம் போடவில்லை. "அங்கி தடுக்கி விழுந்து தெரேசுக்கு மோவாய்ல நாலு தையல் போட்டிருக்கும்மா. நீங்க தச்சா சரியா இருக்கும்னு நானும் ஒருதரம் போட்டுப் பாக்காம விட்டுட்டேன்," என்றார். உம்மா அங்கியை விரித்து, டேப்பைப் போட்டு அளந்தாள். மாடத்திலிருந்த அளவுத் தாளை எடுத்துப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பிறகு தலை நிமிர்ந்து, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏம்மேலதான் தப்பு மாசேர்," என்றாள். "புள்ளைக்குக் காச்சலு. கவனமில்லாம குறிச்சிட்டேன். அந்தப் பொண்ணுகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் நான் மாப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

மாசேர் போனதும் உம்மா பெட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். "ஏறு," என்றாள். ரத்தக்கறையோடு அந்த அங்கியை எனக்கு மாட்டினாள். "எப்பவும் நிக்கிற மாதிரி நில்லு." குதிகாலைப் பலகையில் ஊன்றி நின்றேன். துணி என் பாதத்தைச் சுற்றிச் சுருண்டு விழுந்தது. உம்மா குனிந்து, மிஞ்சிக் கிடந்த துணியில் தன் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரற்கடை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எறங்கு," என்றாள். அவ்வளவுதான். அங்கியைக் கழற்றி வாளியில் ஊறவைக்கப் போய்விட்டாள்.

காயம் ஆறி தெரேஸ் பள்ளிக்கு வந்ததும், இடைவேளையில் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. நான் வாயைத் திறக்குமுன், மோவாயில் ஒட்டிய பிளாஸ்திரியோடு அவள், "ஒங்க உம்மா பாவம்டி. அவங்க நல்லாத்தான் தச்சிருந்தாங்க. படியில எறங்கறப்ப நான்தான் பாத்துக் கால வைக்கல. எங்க அம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்," என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் தப்பை ஆளாளுக்குத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். எனக்கென்று ஒன்றும் விடவில்லை. உண்மையைச் சுமக்கக் கூட்டாளி இல்லாமல் நான் தனியாக நின்றேன்.

அடுத்த வருடம் பள்ளியிலிருந்து தையல் வேலை வரவில்லை. தெருப் பெண்களிலும் சிலர், "கலியாணத் துணிய நாகூர்லயே தச்சுக்கிறோம்," என்று வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மாமி மட்டும் அடிக்கடி, "கைராசி போச்சு," என்பார். உம்மா மிஷினைச் சுற்றிக்கொண்டிருப்பாள். எனக்குத் துணி தைக்க வேண்டுமென்றால் என் பழைய சட்டையைப் புதுத்துணிமேல் விரித்து, ஓரம் கூட்டி வெட்டிவிடுவாள். டேப்பை எடுத்துக்கொண்டு நானே போய் முன்னால் நின்றிருக்கிறேன். "சட்டை இருக்குல்ல, போ," என்பாள். கோபம் இல்லாத குரல்தான். ஆனாலும் அவள் விரல் என் தோளில் படவில்லை. ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

பிறகு கொடி மாறியது. தெரேசின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டது. எனக்கு வயது வந்ததும் பள்ளி நின்றது. வாப்பா சைகோனை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது நான் கல்யாணத்துக்கு நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு, வாப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, உம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு பிற்பகல் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எப்படி அந்தத் துணிச்சல் வந்ததோ, முப்பது வருடமாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "உம்மா, அன்னைக்கு ஏன் என்னை அடிக்கல?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. காம்பை உருவிக்கொண்டே சொன்னாள்: "அடிச்சிருந்தா, ஏன் செஞ்சேன்னு நீ சொல்லியிருப்பே. அதக் கேக்க அப்ப எனக்குத் தெம்பு இல்ல புள்ள. ஒங்க வாப்பா கடிதாசி வந்து அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு."

இன்னொரு கொத்தை எடுத்துக்கொண்டு, "பெட்டியில நிக்கறப்ப ஒன் மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தோம்.

உம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. அந்த வீட்டை இடித்துச் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவின் பாதி வீடுகளில் ஆள் இல்லை, துபாயிலோ பாரிசிலோ இருக்கிறார்கள். பூட்டுகள் மட்டும் பளபளப்பாக இருக்கின்றன. பள்ளிக்கூட விழாக்களுக்கு வேடத்துணியை வாடகைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுநாள் எடுத்துப்போகிறார்கள், யாருக்கும் அளவெடுப்பதில்லை. மாசேரும் இல்லை. நடந்ததில் பங்குள்ளவர்களில் மிஞ்சியிருக்கக்கூடியவள் தெரேஸ் ஒருத்திதான். பிரான்சில் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. உயிரோடிருந்தால் அவள் மோவாயில் அந்த வடு இருக்கும். பேரப்பிள்ளைகள் யாராவது அதைத் தொட்டுப் பார்த்துக் கேட்டால், சின்ன வயதில் தான் கவனமில்லாமல் படியிறங்கியதாக இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள்.