கேமராவைப் பார்த்த குழந்தை

மாஹிமில் நாங்கள் வேலை பார்த்த எடிட்டிங் அறைச் சுவரில் ஒரு மரச்சட்டம் இருந்தது, அதில் நிறைய ஆணிகள். லேபிலிருந்து வரும் படச்சுருளை ஷாட் ஷாட்டாக வெட்டி, ஆணிக்கு ஒன்றாக மாட்டுவதுதான் கூட வேலை பார்த்த பாய்க்கும் எனக்கும் பிழைப்பு. குழாயடிக்கு ஓர் ஆணி, ரயிலடிக்கு ஓர் ஆணி. எடிட்டர் வந்து கோத்துக்கொள்வார். யாராவது கேமராவைப் பார்த்துத் தொலைத்த ஷாட் மட்டும் ஆணி ஏறாது, நேரே கூடைக்குப் போகும். நான் மாதுங்கா. பாய் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் டிபன் டப்பாவை என்னைக் கேட்காமலே திறக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

அறுபதுகளின் நடுவில், பம்பாயின் குடிநீர் பற்றி ஒரு செய்திப்படம் வந்தது. தாராவிக் குழாயடியைக் காட்டப் பாயே கேமராக்காரருடன் போனார். வரிசையில் குடத்தோடு நின்ற தன் மகளைப் பார்த்ததும் மனிதருக்குத் தொழில் மறந்துவிட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏளா, இங்க பாருளா, வாப்பா நிக்கேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். ஷாட்டைக் கெடுத்ததை மறுநாள் அவரே சொல்லிச் சிரித்தார். அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை.

துக்கம் முடிந்து வந்தவர் முதலில் திறந்த படச்சுருள் டப்பாவில் அந்தக் குழாயடி இருந்தது. எங்கள் இருவருக்குமே அது தெரியாது. படம் ஓட்டிப் பார்க்கும் மூவியோலா இயந்திரத்தின் சின்னக் கண்ணாடியில் குழந்தை திரும்பினாள், சிரித்தாள், கையை ஆட்டினாள். "கேமராவப் பாத்துட்டா. வேஸ்ட்டு" என்று பாய் வழக்கம்போலச் சொன்னார். வெட்டினார். கூடை வரைக்கும் போன கை திரும்பி வந்துவிட்டது. நான்தான் அழுதேன். அவர் அழவில்லை.

துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அசையலியே. எம்புள்ள என்னிக்குச் சும்மா நின்னா?" என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பாய் அவரை அழைத்து வந்தார், ஓட்டிக் காட்டினோம். "இன்னொரு தரம்" என்றார் அந்த அம்மாள். பிறகும் இன்னொரு தரம். எங்கள் பழைய மூவியோலா படத்தைக் கடித்துவிடும். குழந்தை கை தூக்கிய இடத்தில் அறுந்தது. ஒட்டினால் படத்தில் கொஞ்சம் போய்விடும். ஒட்டிய இடமே மறுபடி மறுபடி அறுந்தது. "தூக்குன கை எறங்கவே இல்லியே" என்றார் அம்மாள். பாய் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"இதுக்கு மேல ஓட்டுனா புள்ள மிஞ்சமாட்டா."

அந்த அம்மாள் துண்டைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுபடி வரவே இல்லை.

அதன்பின் கேமராவைப் பார்க்கும் குழந்தை எந்தச் சுருளில் வந்தாலும் பாய் கூடையில் போட்டதில்லை. கடைசி ஆணியில் மாட்டிவிட்டு, "அய்யரே, நீங்களே பாத்துக்கிடுங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்புவதற்குள் நான் எடுத்துக் கூடையில் போட்டுவிடுவேன்.

பாய் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. நேற்று என் பேரன் தன் தங்கையின் பிறந்தநாள் வீடியோவைச் செல்போனில் விரலால் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இதுல பாப்பா டான்ஸ் ஆடாம கேமராவையே பாத்துண்டிருக்கா. டெலீட் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம்டா" என்றேன்.

"வேற எங்க வெக்கறது?"

எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். மாஹிம் அறைச் சுவரில், அந்தக் கடைசி ஆணி.