ஒற்றை விசில்

செல்லூர் பாதுஷாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அவருடைய விசில். மதுரையில் வண்டியூரிலிருந்து அண்ணா நகர், கோரிப்பாளையம் வழியாகச் செல்லூர் வரும் மினிபஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். இரண்டு என்றால் கிளம்பும். டேப்பில் பாட்டு எவ்வளவு அலறினாலும் டிரைவர் பேயாண்டியின் காதுக்கு அது தப்பாது.

ஆஸ்துமா இருப்பது மனைவி சபிஹாவுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் பாதுஷா வண்டிக்குப் பின்னால் ஒதுங்கித்தான் மூச்சுமருந்துப் பம்பை வாயில் அடிப்பார்.

2003 போகியன்று விடியும்போதே தெருவுக்குத் தெரு டயர் எரிந்தது. வண்டியூரில் கிளம்புமுன் பாதுஷா பம்பு அடித்தார். நெஞ்சு இளகவில்லை. மறுபடி அடித்தார். எப்போதும் கேட்கிற மருந்து அன்று கேட்கவில்லை. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். பொங்கல் கூட்டத்தை விட மனமில்லாமல் ஏறிவிட்டார்.

கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து, ஆட்கள் என்று வண்டிக்குள் கால் வைக்க இடமில்லை. பாதுஷா நடுவில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, கோரிப்பாளையம் எம்புட்டு?" என்று கேட்டார் பூக்காரம்மா செல்லக்கிளி.

"மூணு..." தோள்கள் ஏறி இறங்கின. "...ரூவா."

"ரூவாயச் சொல்றதுக்கு நாளைக்கு வருவீகளோ?"

கூட்டம் சிரித்தது.

அண்ணா நகரில் ஆள் ஏறியதும் பாதுஷா விசிலை வாயில் வைத்தார். ஒன்று வந்தது. இரண்டாவதற்கு மூச்சில்லை. வண்டி நகரவில்லை. திரும்ப ஊதினார். திரும்பவும் ஒன்றுதான்.

"மாப்ள, ஏத்துறியா எறக்குறியா?" பேயாண்டி முன்னாலிருந்து கத்தினார். "போகியன்னைக்கு என் பொறுமையையும் சேத்துக் கொளுத்தாத!"

அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. வெளியே கேட்கும்படி மூச்சு இழுத்தது. எழுந்து இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்று விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்புச் சத்தம் நின்றது.

"அடங்கிருச்சு. இனி ஒண்ணுமில்ல, வண்டிய எடுங்க மெதுவா" என்றார் செல்லக்கிளி நிம்மதியாக.

பாதுஷா மிரண்டு போனார். "சத்தம் குறைஞ்சு மூச்சும் முட்டினா, அது நல்லதுக்கில்ல, காத்தே உள்ள போகலைன்னு அர்த்தம். உடனே வந்துரணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அந்த வண்டியில் அவருக்கு மட்டும் தெரியும். சொல்ல ஒரு வார்த்தைக்குக்கூட மூச்சில்லை.

எட்டிப் பார்க்க வந்த பேயாண்டியின் சட்டையைப் பிடித்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தாழ்ந்த கூரைத் தகரத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். இன்னும் இரண்டு.

பேயாண்டி அவர் உதட்டைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தது.

"ஆத்தாடி! போகச் சொல்றான். யாரும் ஸ்டாப் கேக்காதீக, வண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகுது!"

வழியெல்லாம் திட்டு விழுந்தது. வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனும் புகைமருந்தும் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நெடுநேரம் கழித்துப் பாதுஷாவின் நெஞ்சிலிருந்து மறுபடி இழுப்புக் கிளம்பியது. பேயாண்டி பதறி ஓடினார்.

"டாக்டர், திரும்ப இழுக்குதே!"

"இழுக்கட்டும்ப்பா. இப்பத்தான் காத்து உள்ள போகுது."

பேயாண்டி கட்டில் ஓரமாக உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே, கரும்புக்கட்டோடு இன்னும் காத்திருந்து பொறுமையிழந்த பயணி ஒருவர் மினிபஸ்ஸின் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.