கடன் வாங்கிய மாத்திரை

எங்கள் ராயபுரம் தெருவில் துபாய் வேலைக்குப் போகிறவர்கள், மெடிக்கல் டெஸ்ட் அன்று காலை, பிரஷர் உள்ள யாரிடமாவது ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். பிரஷர் ஏறியிருந்தால் ‘அன்ஃபிட்’ போட்டுவிடுவார்களே என்ற பயம்.

என் வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் காண்ட்ராக்டில் வெல்டர். அவருக்கும் துபாய் சான்ஸ் வந்தபோது, டெஸ்ட் அன்று காலை என் பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தேன். அவருடைய தோஸ்து சலீம் பாயும் பாசமாக ஒன்று கொடுத்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் விழுங்கிவிட்டார். வெறும் வயிறு வேறு.

சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றவர் அப்படியே மயங்கி விழுந்தார். துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் எனக்குப் போன் செய்தார்.

“எக்கா, உன் வூட்டுக்காரரு வுயுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன், போய்ப் பாரு.”

செருப்பைத் தேடினேன். அவர் போனை வைக்கவில்லை.

“உங்க தெருவுல வேற வெல்டர் யார்னா கீறாங்களா? இன்னிக்கே அனுப்பு. சீட்டு வீணாப் பூடும்.”

இரண்டு மாத்திரையும் சேர்ந்து பிரஷரை அடியோடு இறக்கிவிட்டதாம்; தாமதித்திருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். சாயங்காலம் டிரிப்ஸ் ஏறும்போதுதான் இவர் கண் திறந்தார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஃபிட்டு போட்டாங்களா?”

இப்போதெல்லாம் நான் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. நடந்ததைச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்கிறேன். “சரிக்கா” என்று தலையாட்டிவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த அம்மாவுக்கும் பிரஷர்தான்.