தென்னாபிரிக்கா போக ஒரு வீட்டு உறுதி

விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில், நிரப்புகிறவர் எங்கேயும் போவதில்லை. அவருடைய பிழைகள் மட்டும் பயணம் போகும்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடி அறையில், சுனாமிக் கடல் வந்து போன மறுவருடம் தொடங்கி யுத்தம் முடிந்து சில மாதங்கள் வரை இந்த வேலையைச் செய்தேன். கல்லூரியில் இங்கிலிஷ் இலக்கியம் படித்தவள் என்பதால் வந்தவர்கள் என்னை டீச்சர் என்றார்கள். நான் ஒரு நாளும் யாருக்கும் படிப்பித்ததில்லை. நகல் எடுத்து, படம் பிடித்து, "இன்னும் ஒரு தாள் குறையுது" என்ற சொல்லைக் கேட்டுப் படியிறங்கிய அன்பர்களே, அந்த ஒரு தாளைக் கேட்டவள் நான்தான். மருதமுனை மீராலெவ்வை குடும்பத்துக்கு நான் செய்தது இது.

விடுமுறைத் திட்டம்

யுத்தம் முடிந்த வருடம் மீராலெவ்வையும் மனைவி சபியாவும் வந்தார்கள். அவர் வாய்க்கால் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் றிஸ்வி தென்னாபிரிக்காவில், டர்பனில் கடை வைத்திருந்தான். சுனாமிக்கு முந்திய வருடம் போனவன். கடையைப் பூட்டிவிட்டு வர முடியவில்லை. சபியா அவன் முகத்தைப் பார்த்து ஆறு வருடம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், விடுமுறைக்கு வரச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தான்.

தாய் மகனைப் பார்க்கப் போவது படிவத்தில் விடுமுறைதான். ஒவ்வொரு நாளும் எங்கே போவார்கள் என்று ஒரு திட்டமும் வைக்க வேண்டும் என்றேன். இரண்டாம் கிழமையில் வனவிலங்குப் பூங்காவில் யானை பார்ப்பதாக நயமான இங்கிலிஷில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். மீராலெவ்வை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யானை பாக்க நான் பிளேன்ல போகோணுமா டீச்சர்? நான் குத்தகைக்குச் செய்யிற வயலுக்க வந்து காவல் குடில ஒடச்சிட்டுப் போன யானைக்கிட்ட ஆரும் விசா கேட்டாங்களா?"

இரண்டு காதுகள்

என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வேறொரு நாட்டின் பழைய விதிப் பட்டியல் ஒன்று கிடந்தது. எல்லா நாடும் ஏறக்குறைய ஒன்றைத்தான் கேட்கும் என்பது என் எண்ணம். அதைப் பார்த்து, படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று சபியாவிடம் சொன்னேன். அந்நிய ஆணின் முன்னால் தலைத்துணி விலக்காத மனுசி. மகனுக்காக ஸ்டூடியோவில் போய், துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கண்ணை நிலத்தில் வைத்தபடி படம் எடுத்து வந்தாள். நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று அதையும் திருப்பி அனுப்பினேன்.

அந்த மாடி அறையை நடத்திய முதலாளிக்குச் சந்தேகம் வந்து கொழும்பு விசா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். முகம் தெரிந்தால் போதுமாம்; மார்க்கத்துக்காகத் தலை மூடியிருப்பதில் தடையில்லையாம். படத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார். "மற்ற விதிகளையும் கேளுங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். என் பட்டியல் இன்னொரு இடத்திலும் பிழை என்று கேட்க எனக்கு மனமில்லை. சபியாவிடம் விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன், சின்னக் காரியம்போல. அக்கா முறையில் என்னை ராத்தா என்கிறவள், அவள் சிரிக்கவில்லை. "அந்த நாட்டுக்காரன் என்ட காதக் கேக்கல்ல ராத்தா. நீங்கதான் கேட்டிங்க."

ஆம்பிளைக்கு ஏது வீடு

அதே பட்டியலில், திரும்பி வருவதற்கு ஆதாரமாகச் சொந்தப் பெயரில் சொத்து வேண்டும் என்று இருந்தது. மீராலெவ்வை பென்சன் கடிதத்தை நீட்டினார். அது போதாது, வீட்டு உறுதிப் பத்திரம் வேண்டும் என்றேன். "என்ட பேரில வூடா?" என்று விழித்தார். "ஆம்பிளைக்கு ஏது டீச்சர் வூடு?"

எனக்குத் தெரியாததா? எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய்தகப்பன் பக்கத்தில் ஒரு அறையில் ஒதுங்குவார்கள். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மீராலெவ்வை ஒரே மகள் ஜெஸ்மினுக்கு இரண்டு தடவை சீதன வீடு கட்டியவர். முதல் வீட்டைக் கடல் கொண்டுபோனது. இரண்டாவதை ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டினார். இத்தனையும் தெரிந்துகொண்டு, மகளின் வீட்டை ஒரு மாதத்துக்கு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பென்சன் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். "ஒரு மாசத்துக்குத்தானே? தாளிலதானே? படிச்ச நீங்க செல்லி, நான் கேக்காம இரிக்கிறதா?"

கண்ணாடி ஜன்னல்

ஜெஸ்மின் கையெழுத்து வைத்து, உறுதி தகப்பன் பெயருக்கு மாறியது. கொழும்புக்கு நானும் கூடப் போனேன். யுத்த காலத்தில் சோதனைக்காக இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்த இடங்களில் பஸ் நிற்காமலே ஓடியது. அதையெல்லாம் நல்ல சகுனமாக எண்ணிக்கொண்டேன்.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களை எண்ணினாள். வங்கிக் கணக்கு, போகவர டிக்கெட் பதிவு, அழைப்புக் கடிதம், பென்சன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். புதிதாக எழுதிய உறுதியை மட்டும் கண்ணாடிக்குக் கீழால் திருப்பித் தள்ளினாள். மீராலெவ்வை அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் நல்ல தமிழில், மெதுவாக, அவருக்கும் விளங்கும்படி சொன்னாள். "இது எங்களுக்குத் தேவையில்லை ஐயா. பென்சன் கடிதமே போதும்."

நாளைக்கு வாறன்

விசா கிடைத்தது. அதற்குள் மருமகன் நியாஸின் காதில் உறுதி மாறிய செய்தி விழுந்துவிட்டது. பள்ளிவாசலில் யாரோ, "என்ன மச்சான், மாமாக்கு வாடகை குடுக்கிறியாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உடுப்பை மடித்துக்கொண்டு சாய்ந்தமருதில் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். மகளுக்குக் கொடுத்த வீட்டைப் பிடுங்கிய தகப்பன் என்று மீராலெவ்வையைச் சந்தையில் பேசினார்கள். அவர் அந்தக் கிழமையே உறுதியைத் திருப்பி எழுதினார். நியாஸ் வரவில்லை.

ஜெஸ்மின் என்னைத் தேடி வந்தாள். "மாமி, நீங்க செல்லித்தான் எழுதின எண்டு அவருக்கிட்ட வந்து ஒரு சொல்லுச் செல்லுங்க." நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் தலையிடி என்றேன். அதற்கு அடுத்த நாள், அவள் படியேறும் சத்தம் கேட்டுப் பின்னறைக்குள் போய் நின்றேன். அவள் முதலாளியோடு கதைக்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீங்க வர வேணாம் மாமி. வாப்பா இண்டுவர ஒருத்தரிட்டயும் உங்கட பேரச் செல்லல்ல."

தொலைபேசி

மகளை அப்படி விட்டுவிட்டுத் தாய்தகப்பன் எப்படி விமானம் ஏறுவார்கள்? மீராலெவ்வை ஒவ்வொரு நாளும் சாய்ந்தமருதுக்குச் சைக்கிளில் போய் மருமகனின் வாசலில் நின்றார். பெரியவர்கள் பேசி நியாஸ் வீடு திரும்பியபோது விசாவின் காலம் கடந்திருந்தது.

சபியா வந்து என் முன்னால் இருந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வீட்டில் நடந்தது மகனுக்குத் தெரிந்தால் மச்சானோடு பகை பிடிப்பான். அதனால் தனக்குப் பிளேன் ஏறப் பயம் என்று சொல்லிவிட்டாளாம். அவன் என்னிடம் கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டுமாம். மறுநாள் றிஸ்வி தொலைபேசி எடுத்தான். நானும் அதையே சொன்னேன், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அந்தப் பக்கம் யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு கேட்டான். "என்னப் பாக்கிறதுக்கும் உம்மாட பயம் போகல்லயா மாமி?"

இத்தனை பேருக்கு நாடு கடக்க வழி எழுதிக் கொடுத்த நான், மருதமுனையில் மீராலெவ்வை வீடு இருக்கிற அந்த ஒரு ஒழுங்கையைத் தொடாமல் சுற்றிப் போகிற வழியைத்தான் பிழையில்லாமல் கற்றிருக்கிறேன்.