சம்பந்தியம்மாவுக்குப் போன விளம்பரம்

போன வியாழக்கிழமை காலை. குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது போன் வந்தது. திரையில் 'சிதம்பரம் சம்பந்தி'.

"நான் விஜயா பேசறேங்க. நீங்க ஒரு புக்கு போட்டு இருக்கீங்களாமே?"

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒருவர் தானாகக் கேட்க மாட்டாரா என்று ஏங்காத நாள் உண்டா? "ஆமாங்க" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டு இன்னைக்கே கெளம்பி வாங்க. பொண்ணையும் அவுங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. நேர்ல பேசணும்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். குக்கர் அதற்கப்புறம் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குத் தெரியாது. பருப்பு கூழாகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், என் தங்கை அமுதாவின் மகள் தர்ஷினிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு சிதம்பரம். விஜயாம்மாதான் மாப்பிள்ளையின் அம்மா - அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. தர்ஷினிக்கு அப்பா இல்லை. அதனால் எங்கள் பக்கம் தட்டு மாற்றப் போவது நானும் என் வீட்டுக்காரரும். எல்லாம் பேசி முடித்த நிலையில்தான் இந்த போன்.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. விளம்பரம்!

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கு என் புத்தகம் பற்றித் தெரிந்திருக்கும். பதிப்பகங்கள் எல்லாம் "பார்க்கலாம் மேடம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்ததால், நானே அச்சடித்த கட்டுரைத் தொகுப்பு. பண்டல்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வீடு பெருக்கும் வேலை என் வீட்டுக்காரருடையது. ஒவ்வொரு நாளும் துடைப்பம் பண்டலில் இடிக்கும்போது ஒரு பெருமூச்சு கேட்கும்.

"முகநூல்ல காசு கட்டி பூஸ்ட் பண்ணிப் பாரேன், விளம்பரமா நாலு பேருக்குப் போவும்" என்று ஐடியா கொடுத்தவரும் அவர்தான்.

செய்தேன். கல்யாண வீடுகளைப் பற்றிய என் கட்டுரை ஒன்றிலிருந்து, படிக்க ஆரம்பித்தால் யாராலும் பாதியில் விட முடியாத ஒரு பத்தியை எடுத்துப் போட்டேன். பூ வைக்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தலையில் பூவும் வைத்துவிட்டார்கள். கூடம் நிறைய ஜனம். திடீரென்று அந்தப் பெண் எழுந்து, தலையில் வைத்த பூவைத் தானே கழற்றித் தட்டில் வைக்கிறாள்... அங்கே நிறுத்திவிட்டேன். ஏன் கழற்றினாள் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதற்குத்தானே விளம்பரம்?

அந்தப் பெண் யார் என்று கேட்கிறீர்களா? தர்ஷினியேதான்.

நடந்தது எங்கள் பக்கத்துத் தெருவில், அமுதா வீட்டுக் கூடத்தில். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து சம்பந்தம். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் நின்று போனால், என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. வருகிற வரன்கள் வெளியே விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். போனார்கள். ஒருவர் கூட வாசல்படி ஏறவில்லை. அதனால்தான் சிதம்பரத்துக்காரர்களிடம் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அமுதா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நான் சத்தியத்தை மீறவில்லை. யாரிடமும் சொல்லவில்லையே! புத்தகத்தில் எழுதினேன், அதுவும் பெயரை மாற்றி. தமிழ்நாட்டில் ஒரு ரகசியத்தைப் பத்திரமாக வைக்க சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தைவிட நல்ல இடம் இருக்கிறதா என்ன? வீட்டில் இருப்பவர்களே பிரிக்க மாட்டார்கள். அமுதாவுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். டிவி ஸ்டாண்டில் ரிமோட்டுக்குப் பக்கத்தில் அழகாக இருக்கிறது.

ஆனால் விளம்பரம் அப்படி இல்லையே. 'யாருக்குக் காட்ட வேண்டும்?' என்று அது கேட்டது. கடலூர், சிதம்பரம் என்றேன் - ஊர்க்காரர்கள்தானே முதலில் வாங்குவார்கள். பெண்கள் என்றேன். நடுத்தர வயது, அதற்கு மேல். ஆர்வம்? கல்யாணம், குடும்பம், கோயில்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. நான் தேடச் சொன்னது விஜயாம்மாவைத்தான். விளம்பரம் சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

போதாக்குறைக்கு கமெண்ட். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: 'நானும் இந்த விசேஷத்துக்கு வந்து இருந்தேன். மஞ்சக்குப்பம்தானே? பொண்ணு பார்மசி படிச்ச பொண்ணு. வடை நல்லா இருந்துச்சு. சாம்பார்ல உப்பு ஜாஸ்தி.'

பதறிப்போய் விளம்பரத்தை நிறுத்தினேன். பதிவையும் நீக்கினேன். என்ன பிரயோஜனம்? அதற்குள் அது ஸ்க்ரீன்ஷாட்டாகி சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே சாம்பாரும்.

அமுதாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நாலு வருஷம் கழிச்சு ஒரு நல்ல எடம் வந்துச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். சேலையை மாற்றிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.

சிதம்பரம் பஸ். மூன்று பேர் சீட்டில் நடுவில் தர்ஷினி. என் மடியில் புத்தகம். அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. குடிகாடு தாண்டும்போது தொழிற்பேட்டை வாடைக்கு பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. அமுதா பொத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்ஷினிதான் மெதுவாகப் பேசினாள். "அவருகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன் பெரியம்மா."

"யாருகிட்ட? மாப்பிள்ளகிட்டயா?"

"ம். மொத தடவ பேசும்போதே."

"என்னடி சொன்னாரு?"

"'நல்ல வேள கழட்டுன'ன்னாரு."

எனக்கு உயிர் வந்தது. அமுதா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "பையன் பெங்களூர்ல இருக்கான். பதில் சொல்லப் போறது அவுங்க அம்மா."

அதுவும் சரிதான். வந்த உயிர் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் திரும்பப் போய்விட்டது.

கீழ வீதிக்குப் பக்கத்தில் வீடு. விஜயாம்மா "வாங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். நாங்கள் உட்காருவதற்குள் விஜயாம்மா கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பொருளடக்கத்தில் விரலை வைத்துத் தேடி, அந்தக் கட்டுரையைப் பிரித்து... படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஆசை உண்டு. ஒரு வாசகர் எதிரில் உட்கார்ந்து, நம் எழுத்தை வரி வரியாகப் படிப்பதைப் பார்க்க வேண்டும் என்று. என் ஆசை நிறைவேறியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஏன் இவ்வளவு நீளமாக எழுதித் தொலைத்தேன்? ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் அமுதாவின் கை என் முழங்கையை இறுக்கியது. காபியில் ஆடை படிந்தது. யாரும் தொடவில்லை.

அவர் படித்தது இதைத்தான். பூ வைத்து முடித்ததும் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்ற வேண்டும். அமுதா ஆசையாகத் தட்டை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி குறுக்கே வந்தாள். "நீங்க தொடாதீங்க. சுமங்கலி யார்னா இருந்தா குடுக்கச் சொல்லுங்க." கூடமே கேட்டது. அமுதா தட்டோடு அப்படியே நின்றாள். அப்போதுதான் தர்ஷினி எழுந்து பூவைக் கழற்றினாள். "எங்கம்மா தொடக்கூடாதுன்னா எனக்கு இந்தப் பூ வேணாம்."

விஜயாம்மா புத்தகத்தை மூடவில்லை. விரலை உள்ளே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. சாம்பார் வரைக்கும் எழுதிட்டாங்க."

"நான்தாங்க அத்தை" என்றாள் தர்ஷினி.

அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சின்னப் பொண்ணுங்க அப்ப. தெரியாம பண்ணிட்டா..."

"தெரிஞ்சுதாம்மா பண்ணேன்."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

"மறைச்சது தப்பு" என்றார் விஜயாம்மா. "ஊரெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்குத் தெரியுது. எங்க நாத்தனாரு விடிஞ்சும் விடியாம போன் பண்ணி, இந்த எடம் வேணுமான்னு கேக்கறாங்க. நானும் யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம உங்க பக்கம் தட்டு யாரு மாத்தறது?"

"நானும் இவளோட பெரியப்பாவுந்தாங்க."

"ஏன்?"

"அவளுக்கு அப்பா இல்லாததால..."

"அம்மா இருக்காங்கல்ல?"

விஜயாம்மா விரல் வைத்திருந்த இடத்தைப் பிரித்தார். நிறுத்தி நிதானமாக, ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைப் படிப்பது போல வாசித்தார்: "'பெற்று வளர்த்த அந்தத் தாயின் கையைவிட மங்கலமான கை இந்த உலகத்தில் வேறு எது?'" கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். "இது நீங்க எழுதுனதா, வேற யார்னா எழுதிக் குடுத்தாங்களா?"

அந்த வரிக்கு நானே என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தச் சம்பந்தம் பேசும்போது, யாரும் கேட்காமலே, "தட்டு நாங்க மாத்திக்கறோம்" என்று முந்திக்கொண்டு சொன்னதும் நான்தான். அமுதா அப்போது தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மண்டபத்து வாடகையைப் பற்றிப் பேசப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

"அவுங்க மாத்தட்டும்" என்றார் விஜயாம்மா. "அப்படின்னா வர்றோம்." காபியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஆறிப் போச்சு. வேற போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் முன் வரிசையில் அந்த நாத்தனார். அகலமான ஜரிகைச் சேலை, கையில் போன். அமுதா தட்டை எடுத்தாள். பாக்கு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. எப்போதும் போல என்னைப் பார்த்தாள், நீ வாங்கிக்கொள்ளேன் என்பது போல. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நாத்தனார் எழுந்தார். மறுபடியும் ஒரு கூடமா? மறுபடியும் அதே வார்த்தையா? தர்ஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை பூவுக்குப் பக்கத்தில் போய்விட்டதோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

விஜயாம்மா திரும்பாமலே சொன்னார்: "எழுந்துட்டீங்களா அண்ணி? நல்லதாப் போச்சு. அந்தக் குங்குமச் சிமிழ எடுத்துக் குடுங்க."

நாத்தனார் போனை நாற்காலியில் வைத்தார். எடுத்துக் கொடுத்தார். தட்டு மாறியது. அமுதா அழுதாள், நானும் அழுதேன். போட்டோக்காரர் மட்டும் "இங்க பாருங்கம்மா, இங்க பாருங்கம்மா" என்று தன் வேலையைப் பார்த்தார்.

விளம்பரத்தால் எத்தனை புத்தகம் போயிற்று என்று கேட்பீர்கள். விஜயாம்மா அந்தப் பிரதியைத் திருப்பித் தரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் நாத்தனாரும் ஒன்று கேட்டார் - அவரைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம். மீதி கட்டிலுக்கு அடியில்தான். வீட்டுக்காரர் மறுபடியும் பூஸ்ட் பண்ணலாம் என்கிறார்.

பண்ணலாம். அதற்கு முன்னால் என் புத்தகத்தை நான் ஒரு தடவை படித்துவிடுகிறேன்.